சுகர் இருக்கவங்க யோகா பண்றப்போ இதை மட்டும் பாத்துக்கோங்க

யோகா தானே, ஓட்டமா ஆட்டமான்னு அசால்ட்டா இருக்காதீங்க, இன்சுலின் போடுறவங்களுக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கும் சூரிய நமஸ்காரம் வேகமா பண்ணாலே சுகர் சரசரன்னு இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும்னா அந்த பயம் ரொம்ப கம்மி.

மேட் விரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ விரல்ல குத்தி சுகர் பாத்துருங்க. 90க்கு கீழ இருந்தா ஏதாச்சும் கொஞ்சம் சாப்டுட்டு ஆரம்பிங்க, 250க்கு மேல இருந்து வாந்தி வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கு யோகாவே வேணாம், டாக்டர்கிட்ட பேசுங்க.

சிக்கல் எங்கன்னா சவாசனத்துல தான். சுகர் இறங்குனா வர்ற வேர்வை, படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் ஆசனம் பண்ண களைப்புன்னே தோணும், கண்ண மூடி படுத்துட்டா கவனிக்கவே மாட்டோம். சில்லுனு வேர்த்தா உடனே எழுந்து செக் பண்ணுங்க. 70க்கு கீழ போயிருந்தா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சர்க்கரைன்னா 3 டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக். குளுக்கோஸ் டப்பாவ கிச்சன்ல வைக்காம கை எட்டுற தூரத்துல வைங்க.

அப்புறம் சுகரால கண்ணு விழித்திரை பாதிச்சவங்க சிரசாசனம், சர்வாங்காசனம்னு தலைகீழா நிக்கற ஆசனம் பக்கமே போகாதீங்க, கண் டாக்டர் ஓகே சொன்னா மட்டும் தான்.