பர்ராங்கியாவில் பயணிகள் செய்யும் தவறுகள்

கொலம்பியாவின் கரீபியன் கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே ஊர்களைக் குறித்துவைத்திருப்பார்கள். கோட்டை மதில்களுக்காகக் கார்த்தஹேனா, மலைக்கும் கடற்கரைக்குமாகச் சாந்தா மார்த்தா. நடுவில் இருக்கும் பர்ராங்கியா அவர்களுக்கு பஸ் மாறும் இடம் மட்டும்தான். மதிய வெயிலில் இறங்குவார்கள். லாரிகளையும் ஆலைகளையும் பார்த்துவிட்டு, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஊர் இது. அதனால் இந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்த்தஹேனாவோடு ஒப்பிட்டால் பர்ராங்கியா எப்போதும் தோற்றுத்தான் போகும். கார்த்தஹேனா 1533-இல் ஸ்பானியர்கள் நிறுவிய நகரம். பர்ராங்கியாவை எந்தத் தளபதியும் கொடி நட்டு நிறுவவில்லை. ஆற்றங்கரைக் குடியிருப்பாக இருந்த ஊருக்கு 1813-இல்தான் நகரத் தகுதி கிடைத்தது. நீராவிப் படகும் ரயிலும் வந்த பிறகு மளமளவென்று வளர்ந்தது. சிரியா, லெபனான், ஜெர்மனி, இத்தாலி என்று பல நாட்டவர் வந்து கடை போட்டார்கள், ஆலை கட்டினார்கள். இங்கே தேட வேண்டியது கோட்டையை அல்ல. பழைய சுங்க மாளிகையையும், 1920-களில் உருவான எல் பிராதோ குடியிருப்பின் நிழல் விழும் தெருக்களையும்தான். இன்றைய அவியான்கா விமான நிறுவனத்தின் முன்னோடி நிறுவனம் 1919-இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். அதன் மிதவை விமானங்கள் மக்தலேனா ஆற்றையே வழிகாட்டியாகக் கொண்டு உள்நாட்டுக்குப் பறந்தன.

அடுத்த தவறு, கரீபியன் என்றதும் நீச்சலுடையை எடுத்துக்கொண்டு கடலைத் தேடுவது. பர்ராங்கியா கடலைப் பார்த்து உட்கார்ந்த ஊர் அல்ல, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த ஊர். நாட்டின் குறுக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் மக்தலேனா இங்கேதான் கடலில் கலக்கிறது. சுமந்துவரும் வண்டலையெல்லாம் கடலில் சேரும் வாயிலேயே கொட்டுவதால் பெரிய கப்பல்கள் நீண்ட காலம் உள்ளே வர முடியவில்லை. அதனால் 1893-இல் பக்கத்து ஊரான புவெர்த்தோ கொலம்பியாவில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பாலத்துறை கட்டி, சரக்கை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பின்னர் ஆற்று வாயின் இருபுறமும் கல்லணை போட்டு, நீரை நெருக்கி, மண்ணை அதன் வேகத்தாலேயே தள்ள வைத்தார்கள். 1936-இல் கப்பல்கள் நேராக நகரத்துக்கே வந்தன, புவெர்த்தோ கொலம்பியா ஓய்ந்துபோனது. இன்றும் ஆழம் குறைந்தால் கப்பல்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மண் வாரும் வேலைக்கு முடிவே இல்லை.

அந்த வாய்க்குப் பெயர் போகாஸ் தே செனிசா, அதாவது ‘சாம்பல் வாய்கள்’. ஆற்று நீரின் நிறத்தால் வந்த பெயர். லாஸ் ஃப்ளோரெஸ் மீனவர் பகுதியிலிருந்து கல்லணை மேல் மோட்டார் பூட்டிய சிறு தண்டவாள வண்டியில் போகலாம். நுனிக்குப் போனால் ஒரு பக்கம் பழுப்பு ஆறு, மறுபக்கம் நீலக் கடல். அங்கே மீனவர்கள் பட்டம் விடுவார்கள். விளையாட்டுக்கல்ல. பாறைகளைத் தாண்டித் தூண்டிலைத் தூரத்தில் இறக்குவதற்குக் காற்றை வேலை வாங்குகிறார்கள். இதைப் பார்க்காமல் பாடகி ஷாகிராவின் வெண்கலச் சிலை முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. சிலை நிற்கும் ஆற்றங்கரை நடைபாதை நன்றாகவே இருக்கிறது. மாலையில் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

மழை விஷயத்தில் மட்டும் கவனக்குறைவு கூடவே கூடாது. நகரம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. மழைநீர் வடிகால் இல்லாமலே தெருக்களுக்குத் தளம் போட்டு வளர்ந்த ஊர். பலத்த மழை பெய்தால் சில தெருக்கள் நிமிடங்களில் காட்டாறாகிவிடும். கார்களைக்கூட உருட்டிக்கொண்டு போகும். ‘அரோயோ’ என்பார்கள். உயிர்களும் போயிருக்கின்றன. பெரிய சாலைகள் சிலவற்றின் அடியில் இப்போது கால்வாய் கட்டிவிட்டார்கள், எல்லாவற்றிலும் அல்ல. முழங்கால் அளவுதானே என்று இறங்கிக் கடக்காதீர்கள். உள்ளூர்க்காரர் கடை வாசலில் ஒதுங்கி நின்றால் நீங்களும் நில்லுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காற்று வீசும், அதுதான் நல்ல காலம்.

அந்தக் காலத்தில்தான் கார்னிவல் திருவிழாவும் வருகிறது, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாள். 2003-இல் யுனெஸ்கோ இதை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. சனிக்கிழமை மலர்ப் போர் ஊர்வலம் 1903-இலிருந்து நடக்கிறது. மற்ற நாளெல்லாம் லாரி ஓடும் ஆலைச்சாலையான வீயா 40-இல்தான் இந்த ஆட்டம். இங்கே பலர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, அந்த வாரம் போய் அறை தேடுவது. மாதக்கணக்கில் முன்பே பதிந்தாக வேண்டும். இன்னொன்று, காசு கொடுத்து மேடை இருக்கையில் உட்கார்ந்து மலர்ப் போரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. முந்தைய வாரத்து வெள்ளி இரவில் விளக்குகளோடு போகும் குவாச்செர்னா ஊர்வலத்தையும், பார்ரியோ அபாஹோ போன்ற பழைய குடியிருப்புகளின் தெருக்கொண்டாட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நீண்ட மூக்கும் பெரிய காதுமாக, கழுத்துப்பட்டை கட்டி வரும் மாரிமோந்தா முகமூடியைக் கவனியுங்கள். வேலை செய்யாமல் சம்பளம் வாங்கிய அரசு அதிகாரிகளை ஏழைகள் நையாண்டி செய்யப் பிறந்த வேடம் என்பார்கள். பழைய உடையில் போங்கள், மாவு கொட்டுவார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது.

டாக்ஸியில் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். நகர மையத்துச் சந்தைப் பகுதிக்குப் பகலில் போய், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் இளம் பத்திரிகையாளராக இந்த ஊரில் இருந்தவர். அவரும் ஓவியர் ஒப்ரெகோனும் நண்பர்களும் கூடிய லா குவேவா மதுக்கடை இன்று உணவகமாக இருக்கிறது. அங்கே ஒரு வேளை சாப்பிடலாம்.

ஆனால் எல்லா வேளையும் அப்படிப்பட்ட இடங்களிலேயே சாப்பிடுவதும் தவறுதான். இந்த ஊரின் சாப்பாடு தெருவில் இருக்கிறது. ‘அரோஸ் தே லீசா’ என்பது நம் மடவை மீனைப் போட்டுக் கிளறிய சோறு. இலையில் வைத்து, மரவள்ளிக்கிழங்கோடு தருவார்கள். கார்னிவல் காலத்தில் ‘குவாந்து’ குழம்பு கிடைக்கும். பெயரைக் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள், குவாந்து என்பது நம் துவரையேதான். பச்சைத் துவரையை உப்பிட்ட இறைச்சி, பழுத்த வாழை, கிழங்குகளோடு கொதிக்கவைத்து இறக்குவார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள், தாமதித்தால் பானை காலியாகிவிடும்.