வரைந்ததைக் காட்டும்போதும், பிறர் வரைந்ததைப் பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையிலோ ஏற்காடு ஏரிக்கரையிலோ நான்கைந்து பேர் உட்கார்ந்து வரைகிறார்கள். முடித்ததும் நோட்டைக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். "சூப்பர்", "செம" என்று பத்துப் பதில் வருகிறது. அடுத்த வாரப் படத்திலும் அதே தூண் அதே பக்கம் சாய்கிறது. வரைபவருக்குத் தெம்பு தருவது, தன் படத்தை ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்தார் என்ற உணர்வுதான். அப்படிப் பார்ப்பதற்குத் தடையாக இருக்கும் தவறுகளே இங்கே.

போன் செய்யும் பிழை

முதல் தவறு படம் பிடிப்பதில் நடக்கிறது. நோட்டை மடியில் வைத்து, போனைச் சாய்த்துப் பிடித்தால் தாளின் ஒரு முனை கேமராவுக்குக் கிட்டே வரும், மறுமுனை தள்ளிப் போகும். நேராக வரைந்த கோபுரம்கூட மேலே குறுகியோ விரிந்தோ தெரியும். பார்ப்பவர் "கோபுரம் சாயுதே" என்பார். வரைந்தவர் செய்யாத பிழையைத் திருத்த உட்காருவார். பாதி விமர்சனங்கள் இப்படித்தான் வீணாகின்றன.

இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் நீலம் பச்சை கலந்தோ மங்கியோ தெரியும். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் போனின் நிழலும் கையின் நிழலும் தாளில் விழும். பென்சில் ஓவியத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகி, மெல்லிய கோடுகள் அதில் மறைந்துவிடும்.

காலை 9 முதல் 11 மணிக்குள், நேர் வெயில் விழாத ஜன்னலோரம் போதும். தாளை மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். போனைத் தாளின் நடுவுக்கு நேராக, அதே உயரத்தில் பிடியுங்கள். கிட்டே போகாமல் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். 0.5எக்ஸ் லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும், அதைத் தொடவே வேண்டாம். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை இயக்கி, தாளின் விளிம்பு அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திரையில் தாளைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். தாள் வெள்ளையாகவும், மிக மெல்லிய கோடு மறையாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலி வேண்டாம். எழுத்தைத் தெளிவாக்குவதற்காக அது மெல்லிய நிழல்களை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் எச்.டி. தரத்திலோ டாக்குமென்ட்டாகவோ அனுப்பினால் கோடுகள் கலங்காது.

முகம் ஏன் இழுபடுகிறது

போட்டோவில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைபவர்கள் தாள் முழுவதையும் அதே எண்ணிக்கைக் கட்டமாகப் பிரிப்பார்கள். பெரும்பாலான போன்கள் எடுக்கும் படம் 3:4 விகிதம். ஏ4 தாளோ 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ., அதைவிட நீளம். இரண்டையும் 6க்கு 8 கட்டமாகப் பிரித்தால் தாளில் கட்டங்கள் சதுரமாக இராது. பாட்டியின் முகம் நீண்டு வேறொருவர் ஆகிவிடுவார். பார்ப்பவருக்கு "ஜாடை வரல" என்று தோன்றும், காரணம் பிடிபடாது. தாளில் 18 செ.மீ.க்கு 24 செ.மீ. பெட்டி ஒன்று வரைந்து, அதில் 3 செ.மீ. சதுரங்களாக 6க்கு 8 போடுங்கள். ஓரம் மிச்சம் இருப்பது பார்வைக்கும் நல்லது. கட்டக்கோடு எச்.பி. பென்சிலில், அழுத்தாமல்.

கீழே ஒரு வானிலை, மேலே ஒரு வானிலை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அதே வாட்டர்கலர் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

சித்திரை வெயிலில் சேலத்தில் வானத்துக்கு நீலம் பூசினால், தூரிகை மறுபடி வருவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழும். வண்ணத்தைத் தேவைக்கு மேலேயே முன்கூட்டிக் கரைத்துவைத்து, அகலத் தூரிகையால் தாளைத் தண்ணீரில் நனைத்த பிறகு பூசுங்கள். ஏற்காட்டுப் பனியில் தாள் காயவே காயாது. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டும். தாளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். கனம்தான், தண்ணீர் பட்டதும் அலை அலையாக மேலெழும். வாட்டர்கலருக்கு 300 ஜி.எஸ்.எம். வாங்குங்கள். தாளின் குற்றத்தைத் தன் கையின் குற்றம் என்று நினைத்து வண்ணத்தையே விட்டவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

காப்பித் தோட்டத்துப் பனியைப் பென்சிலில் வரையும்போது எல்லா மரத்தையும் ஒரே கருமையில் போடுவது வழக்கமான தவறு. மிளகுக்கொடி ஏறிக் கிட்டே நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கு அடர்ந்த கருமை தரும் 4பி பென்சில், அடுத்த வரிசைக்கு அதைவிட வெளிறிய 2பி, கடைசி வரிசைக்கு எச்.பி. பென்சிலைச் சாய்த்து மெல்லத் தடவினால் போதும், நடுவிலிருக்கும் பனிக்கு வெறும் தாளே போதும். விரலால் தேய்க்காதீர்கள். தோலின் எண்ணெய் தாளில் இறங்கித் திட்டாகும், ரப்பருக்கும் போகாது. டிஷ்யூ தாள் பயன்படுத்துங்கள்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வெளியே உட்கார்ந்து வரைபவர்களை நிழல் ஏமாற்றும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இடது பக்கத்தை 9 மணி நிழலோடும் வலது பக்கத்தை 11 மணி நிழலோடும் வரைந்தால், ஒரே கோபுரத்தில் இரண்டு சூரியன் இருக்கும். உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் நிழலின் எல்லைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அது எங்கே போனாலும் பின்னால் போகாதீர்கள்.

கேட்பதும் சொல்வதும்

"சும்மா கிறுக்கினது, தப்பா நினைக்காதீங்க" என்று போட்டால் பார்ப்பவர் ஆறுதல்தான் சொல்வார். எதில் வரைந்தது, எவ்வளவு நேரம் ஆனது, நேரில் பார்த்தா போட்டோ பார்த்தா என்பதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏரிக்குப் பின்னால மலை தள்ளி நிக்குதா, இல்ல மரத்தோட ஒட்டிட்டுதா?" இதற்குச் "சூப்பர்" என்று யாராலும் பதில் சொல்ல முடியாது.

பதில் சொல்பவர் ஏழெட்டுப் பிழையை அடுக்க வேண்டாம். முதலில் சரியாக வந்த ஓர் இடத்தைக் கைகாட்டுங்கள், பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். "அக்கா, படகோட நிழல் தண்ணியில நல்லா உடைஞ்சு தெரியுது. கரையோரக் கோடு மட்டும் மேல ஏறுற மாதிரி இருக்கே, வேணும்னே விட்டதா?" வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம் என்பதால்தான் கேள்வியாகக் கேட்கச் சொல்கிறோம். "உனக்குப் பொறக்கும்போதே கை வந்திருக்கு" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் ஆறு மாத உழைப்பை அது மறைத்துவிடுகிறது, கை வராத நாளில் அவரை ஒடுக்கியும் விடுகிறது.

அடுத்தவர் தாளில் பேனா வைக்கவே கூடாது. குழந்தை வரைந்த மாம்பழத்தை அப்பா திருத்திக் காட்டினால் அந்தப் படம் அப்பாவுடையதாகிவிடும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கேட்டுக்கொண்டு பக்கத்தில் வேறொரு தாளில் வரையுங்கள்.

இணையத்தில் கிடைத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் யார் எடுத்தது என்று எழுதுங்கள். விற்பனைக்கு என்றால் பெயர் போட்டால் மட்டும் போதாது, அனுமதி வாங்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. சொந்தமாக எடுத்த போட்டோவில் இந்தத் தொல்லையே இல்லை.

வைத்திருக்கும் விதம்

லேமினேஷன் வேண்டாம், சூட்டில் கிரேயானும் ஆயில் பேஸ்டலும் உருகும். பென்சில் தூள் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸட்டிவுக்குப் பதிலாக ஹேர்ஸ்ப்ரே அடித்தால் நாளடைவில் தாள் மஞ்சளாகும். ஃபிக்ஸட்டிவை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில், மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். மலையில் ஈரக்காற்று வீசும் நாளில் அடித்தால் வெண்படலம் படரலாம், வெயில் வரட்டும். தாள்களை இரும்பு பீரோவில் சுவரோடு ஒட்டாமல் படுக்கையாக வையுங்கள்.

பிடிக்காத படத்தைக் கிழிக்காதீர்கள். பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே படித்துறையில், அதே பென்சிலில், அதே நேர அளவில் மறுபடி வரைந்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். கரையோரக் கோடு இப்போது எங்கே நிற்கிறது என்று நண்பர்களே சொல்வார்கள்.