"யாருமே திருந்த மாட்டார்கள்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள்

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வருபவர்களில் பலர், "எல்லாரும் மின்சாரத்தை வீணடிக்கிறார்கள், யாருக்கும் அக்கறை இல்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆதங்கம் நியாயமானது. ஆனால் கேட்பவர் மனதில் தங்குவது "எல்லாரும் அப்படித்தான்" என்பது மட்டுமே.

அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிப்போன ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பார்வையாளர்கள் அந்தத் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு அங்கே பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. "முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது" என்ற பலகை இருந்தபோது, குறியிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னபோது 2 சதவீதம்கூட இல்லை.

அதற்காக மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டுவதோடு நிறுத்தினாலும் சிக்கல்தான். 2007இல் வெளியான கலிபோர்னியா ஆய்வில், வீட்டுக் கதவுகளில் அக்கம்பக்கத்துச் சராசரி மின்செலவை எழுதித் தொங்கவிட்டார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! அவர்களுடைய தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றது. ஏற்கெனவே சரியாக நடப்பவரைப் பாராட்ட மறப்பது நாம் அடிக்கடி செய்யும் தவறு.

பயமுறுத்துவதும் அப்படியே. 2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 10,000 இளைஞர்களிடம் கேட்டபோது, 59 சதவீதம் பேர் கடுமையாகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பயம் வேண்டிய அளவு இருக்கிறது; கையில் எடுத்துச் செய்ய ஒரு வேலைதான் இல்லை. பேருந்தே வராத ஊரில் "கார் எடுக்காதே" என்பது குற்ற உணர்வைத்தான் தரும்.

"யாருக்கும் அக்கறை இல்லை" என்பது உண்மையும் அல்ல. 125 நாடுகளில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். மற்றவர்களில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டால் சொன்ன சராசரி வெறும் 43 சதவீதம்.

நிஜமாகவே சிலர்தான் செய்கிறார்கள் என்றால்? பொய்க்கணக்கு வேண்டாம், மாற்றத்தைச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் ஓர் உணவக ஆய்வில், "30 சதவீதம் பேர் இறைச்சியைக் குறைத்துக்கொள்கிறார்கள்" என்று படித்தவர்களில் 17 சதவீதம் பேர் இறைச்சி இல்லாத உணவு கேட்டார்கள். "குறைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்" என்று படித்தவர்களில் 34 சதவீதம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் குப்பை பிரிப்பது பற்றி எழுதும்போது, இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.