காரைக்குடித் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

முதற்படி, எல்லையை உறுதிசெய்வது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் 184ஆம் எண் கொண்ட காரைக்குடி, சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய சட்டமன்றத் தொகுதியாகும். நகரமும் தொகுதியும் ஒன்றல்ல. தேவகோட்டை நகராட்சியும் இன்று இத்தொகுதியில்தான் உள்ளது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பு, சட்டமன்றத்தைப் பொறுத்தவரை 2011 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது என்பதால், 2006க்கும் 2011க்கும் இடையே அட்டவணையில் ஒரு தடித்த கோடு போட்டுவிடுங்கள். அக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள வாக்கு எண்ணிக்கைகளை நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

அடுத்து, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் உள்ள புள்ளிவிவர அறிக்கையைப் பதிவிறக்குங்கள். ஆண்டு, மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, வென்றவர், இரண்டாமிடம் பெற்றவர், வாக்கு வித்தியாசம் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் நிரப்புங்கள். பழைய அறிக்கைகளில் தலைப்பெழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: கட்சிக்குப் பக்கத்தில் கூட்டணி என்றொரு பத்தி வேண்டும். 1996இல் தமிழ் மாநில காங்கிரஸின் என்.சுந்தரம், 2001இல் பாரதிய ஜனதாவின் எச்.ராஜா, 2006இல் காங்கிரஸ் வேட்பாளராக மீண்டும் சுந்தரம் என்று கட்சிப் பெயர்களை மட்டும் படிப்பவர், காரைக்குடி வாக்காளர் தேர்தலுக்குத் தேர்தல் மனம் மாறுகிறார் என்றே முடிவுகட்டுவார். கூட்டணிப் பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று முறையும் வென்றது தி.மு.க. அணியே என்பது தெரியவரும். 2011இல் அ.தி.மு.க.வின் சோழன் சித.பழனிச்சாமி அத்தொடரை அறுத்தார், 2016இல் கே.ஆர்.ராமசாமியும் 2021இல் எஸ்.மாங்குடியும் காங்கிரஸ் வேட்பாளர்களாக அதை மீண்டும் தி.மு.க. அணியின் பக்கம் கொண்டுவந்தார்கள். 2021இல் மாங்குடியிடம் தோற்றவர், அப்போது அ.தி.மு.க. அணியில் நின்ற அதே எச்.ராஜா. இதைக் கொண்டு இங்கே கட்சிக்குச் சொந்த வாக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பன் கழகம் கண்ட சா.கணேசன் 1962இல் சுதந்திராக் கட்சி சார்பில் வென்றதை எந்தக் கணக்கில் வைப்பது என்பது தனியே யோசிக்க வேண்டிய கேள்வி.

வாக்குப்பதிவு விழுக்காட்டைக் கணக்கிடும்போது 1989இல் கவனம் தேவை. அவ்வாண்டு ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் வயது 21. நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் அது 18. வித்தியாசத்தை எண்ணிக்கையாக மட்டுமன்றி விழுக்காடாகவும் எழுதுங்கள். 2009இல் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப.சிதம்பரம் பெற்ற 3,354 வாக்கு வித்தியாசம், ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த பரப்பில் எவ்வளவு மெல்லியது என்பது அப்போதுதான் விளங்கும்.

கடைசியாக, தெரு அளவில் பார்க்க விரும்புவோர் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20ஐத் தேடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும், நோட்டாவும் அதில் இருக்கும். செக்காலையோ கழனிவாசலோ எந்தச் சாவடியில் வருகிறது என்பதை அந்தந்த ஆண்டின் வாக்காளர் பட்டியலில் சரிபாருங்கள். சாவடி எண்கள் நிலையானவை அல்ல. அஞ்சல் வாக்குகள் படிவத்தின் இறுதியில் தனி வரியாக வரும். அவற்றை எந்தத் தெருவின் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.