பக்கத்து நாட்டுக்குப் போனா "இங்க என்ன ஃபேமஸ்"னு மட்டும் கேக்காதீங்க

வெளியூர்க்காரங்க மதுரைக்கு வந்தா என்ன பண்றாங்க, ஒரு ஜிகர்தண்டா, ஒரு கறிதோசை, நாலு போட்டோ, முடிஞ்சது. சாயங்காலம் தள்ளுவண்டில நாம நின்னுக்கிட்டே குடிக்கிற பருத்திப்பால் அவங்க கண்ணுல பட்டுருக்கவே படாது. நாம இலங்கை நேபாளம்னு போறப்பவும் அதே கூத்துதான், கைட் கூட்டிட்டுப்போற ஹோட்டல்ல பஃபே சாப்பிட்டுட்டு "சாப்பாடு சுமார்தான்ப்பா"ன்னு வந்து சொல்லுவோம். ரெண்டு நாட்டுக்கும் போயிட்டு வந்ததுல நான் கத்துக்கிட்டத சொல்றேன்.

கேள்விய மாத்துங்க, அவ்வளவுதான். "இங்க என்ன ஃபேமஸ்"னு கேட்டா டூரிஸ்ட்டுக்கு விக்கிறதத்தான் காட்டுவாங்க. ஆட்டோக்காரர்ட்ட, ரூம் கூட்டுற அக்காட்ட "காலைல வீட்டுல என்ன சாப்புட்டீங்க"ன்னு கேளுங்க. கொழும்புல ஒரு ஆட்டோ அண்ணன்ட்ட இப்படிக் கேக்கப்போய்த்தான் கொல கந்த பத்தியே தெரிஞ்சது. சோறு, தேங்காப்பால், வல்லாரை மாதிரி ஏதாவது கீரையோட சாறு எல்லாம் சேத்துக் காய்ச்சுன பச்சைக் கஞ்சி, கூட ஒரு துண்டு கருப்பட்டி கடிச்சுக்க. காலைலயே தேடணும், பத்து மணிக்கு மேல எந்திரிச்சுப் போயி "எங்கப்பா கஞ்சி"ன்னு கேட்டா சிரிப்பாங்க. கிரிபத்னு ஒரு தேங்காப்பால் சோறு இருக்கு, கட்டியா வெட்டி வைப்பாங்க, சிங்கள வீடுகள்ல மாசம் ஒண்ணாம் தேதியும் ஏப்ரல் புத்தாண்டுக்கும் செய்வாங்க, அதனால முடிஞ்சா மாசம் பொறக்குற நாள் அங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. மதுரைல இருந்து கொழும்புக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, ஏறி உக்காந்து ஒரு மணி நேரம்தான், சென்னைக்குப் பஸ்ஸுல போறத விட சுகம்.

அடுத்தது எங்க சாப்பிடுறதுன்னு. இலங்கைல ஹெல போஜுன்னு அரசாங்க விவசாயத் துறை நடத்துற சாப்பாட்டுக் கடைங்க இருக்கு, யாழ்ப்பாணப் பக்கம் அதே மாதிரி கடைக்கு அம்மாச்சின்னு பேரு. சுத்துவட்டாரப் பொம்பளைங்களே நின்னு சமைச்சு விக்கிறாங்க, நம்ம கண்ணு முன்னாடியே தோசை சுடுவாங்க, வெலையும் கம்மி. ஊருல எறங்குன மொத நாளே அங்க போயிருங்க, அஞ்சாறு ஐட்டம் பேரு தெரிஞ்சுரும், அப்புறம் எங்க போனாலும் பேரச் சொல்லியே கேக்கலாம்.

பாஷை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்துலயும் தமிழ்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. நமக்குக் கறின்னா ஆட்டுக்கறி, அங்க எல்லாக் குழம்பும் கறிதான், காய்கறிக்கு மரக்கறின்னு பேரு. சைவம்னு போயிருந்த எங்கம்மா போர்டுல "மரக்கறிச் சாப்பாடு"ன்னு பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டாங்க, உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு. ஆனா அவங்க பயந்துருக்க வேண்டியது தேங்காச் சம்பலப் பாத்து. அதுல மாசிக் கருவாட்ட இடிச்சுப் போடுறது உண்டு, கண்ணுக்கே தெரியாது. சைவக்காரங்க "மாசி போட்டுருக்கா"ன்னு வாயத் தொறந்து கேட்டுருங்க.

இன்னொண்ணு, டீக்கடைல உக்காந்த உடனே நாம கேக்காமலே ஒரு தட்டு நெறைய ரோல்ஸ், மீன் பன் எல்லாம் கொண்டாந்து வைப்பாங்க, அதுக்கு ஷார்ட் ஈட்ஸ்னு பேரு. எத்தனை எடுத்தோமோ அதுக்கு மட்டும் காசு, மிச்சத்த எடுத்துட்டுப் போயிருவாங்க. என் மச்சான் இது தெரியாம "மொத்தத்துக்கும் காசு போட்ருவாய்ங்க மாப்ள, விடாத"ன்னு எட்டையும் தின்னு தீத்துட்டு மத்தியானம் பூரா ரூம்ல படுத்துக் கெடந்தாரு.

நேபாளத்துக்கு வருவோம். அங்க மோமோவ மட்டும் தின்னுட்டு வராதீங்க, அது இப்ப இங்கயே மூலைக்கு மூலை கெடைக்குது. தீண்டோ கேளுங்க. கேப்பை மாவு, சோள மாவு, பாப்பரை (பக்வீட்) மாவுன்னு ஏதாவது ஒண்ணக் கொதிக்கிற தண்ணில கொட்டிக் கிண்டுறது, அதாவது நம்ம களி! உருட்டித் தொட்டு மெல்லாம முழுங்கணும், எங்க அப்பத்தா சொல்லிக்குடுத்த அதே டெக்னிக். தொட்டுக்க குந்த்ருக், கீரைய நொதிக்க வச்சுக் காயவச்சுப் பண்ற புளிப்புச் சாறு. தகாலிங்கிறது அங்க இருக்கிற ஒரு இனத்து ஆளுங்க, தகாலிச் சாப்பாடுன்னு போர்டு பாத்தா உள்ள போயிக் கேளுங்க, சோத்துக்குப் பதிலா தீண்டோ வைப்பாங்க. பக்தபூர் போனா மண்சட்டில வர்ற ஜூஜூ தௌ, தயிருக்கெல்லாம் ராஜான்னு அர்த்தம், பேருக்குத் தக்கனதான் இருக்கு. மெனுல பஃப்னு போட்டுருந்தா நம்ம பேக்கரி பஃப்ஸ் இல்ல, எருமைக்கறி, பாத்துக்கங்க.

பூட்டான் நான் போனதில்ல. பர்மா இப்ப இருக்கிற நெலமைல போகச் சொல்ல மாட்டேன், அறுபதுகள்ல அங்கிருந்து திரும்பி வந்த நம்ம சனங்க கையோட கொண்டாந்த அத்தோங்கிற பர்மா நூடுல்ஸ சென்னை பர்மா பஜார்ல சாப்புட்டுக்கங்க.

கடைசியா, கடைல கெடைக்கிறத விட வீட்டுல கெடைக்கிறதுதான் ருசி, அதுக்கு ஹோட்டல் ரூம விட்டுட்டு வீட்டோட இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்ல தங்கணும். யாழ்ப்பாணத்துல நாங்க தங்குன வீட்டு அக்கா "நண்டு எல்லாம் சாப்பிடுவீங்களோ? இண்டைக்குப் பின்னேரம் கூழ் காய்ச்சுறம், இருந்து குடிச்சிட்டுப் போங்கோ"ன்னாங்க. நண்டு, இறால், மீன் தலை, மரவள்ளி, பலாக்கொட்டை, பயத்தங்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானைல, செத்தல் மிளகாய அரைச்சு விட்டு, புளி கரைச்சு, கடைசியா ஒடியல் மாவு. முற்றத்துல வட்டமா உக்காந்து பனையோலைய மடிச்ச பிளாவுல ஊத்திக் குடிச்சோம், காரத்துல மூக்கு ஒழுகுது, யாரும் நிறுத்தல. ஒடியல்னா வேற ஒண்ணும் இல்ல, பொங்கலுக்கு நாம அவிச்சுத் திங்கிற பனங்கிழங்கேதான், அத அவிக்காமப் பச்சையாக் கிழிச்சுக் காயவச்சது. நாம இத்தன வருசமா அவிச்சு மட்டுமே தின்னுக்கிட்டு இருந்துருக்கோம்.

அந்த மாவு பாக்கெட்ல கிடைக்கும், வாங்கிட்டு வாங்க. ஆனா வீட்டுல செய்யும்போது மொதல்ல தண்ணில ஊறவச்சு அந்தக் கசப்புத் தண்ணிய வடிச்சு ஊத்திரணும். நான் அத மறந்துட்டு அப்படியே கொட்டி, முந்நூறு ரூவா நண்டோட மொத்தப் பானையும் போச்சு.