வயதான நாயைப் பராமரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்துச் சாளையிலோ ஆட்டுப்பட்டியிலோ காலமெல்லாம் காவலிருந்த நாய், ஒரு கட்டத்துக்குப் பிறகு வண்டிச் சத்தம் கேட்டும் எழுந்து வராமல் படுத்தே கிடந்தால், "அதுக்கு வயசாயிப் போச்சுங்க, இனி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவது கொங்குப் பகுதியில் வழக்கமாக இருக்கிறது. நாயின் முதுமையில் நாம் செய்யும் பிழைகளில் மிகப் பெரியது இதுதான். மற்ற பிழைகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. எழத் தயங்குவது, திண்ணையேற மறுப்பது, தொட்டால் உறுமுவது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது என நாம் வயதின் கணக்கில் எழுதிவிடும் பலவற்றுக்குப் பின்னால் வலியோ நோயோ இருக்கிறது. முழுவதும் குணமாக்க முடியாதபோதும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தணிக்க முடியும். ராஜபாளையம், லேப்ரடார் போன்ற பெரிய உடல் கொண்ட இனங்கள் 7, 8 வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடுகின்றன; சிறிய இனங்களுக்கு 10 வயதுகூட ஆகலாம்.

மூட்டு வலி வந்தால் நாய் கத்தும், நொண்டும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பது தவறு. மூட்டுத் தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால், அந்த வலியோடு வாழ அது பழகிக்கொள்கிறது; ஒரு முனகல்கூட வெளியே வராமல் இருக்கலாம். ஆனால் மார்கழிப் பனியில் காலையில் அது எழுவதைச் சற்று நின்று கவனித்தால் போதும்: முன்னங்கால்களை ஊன்றி உடலை முன்னே இழுத்து, பின்பாகத்தை முதல் முயற்சியில் தூக்க முடியாமல் மறுபடி முயன்று எழும், முதல் சில அடிகள் விறைப்பாக நடந்து, பிறகுதான் நடை இளகும். பின்னந்தொடைகள் சூம்பியிருக்கும். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவதால் அவ்விடத்து முடி பழுப்பேறியிருக்கும். இவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஏனெனில் புதிய இடத்தின் பதற்றத்தில் மேசைமேல் நிற்கும் நாய் இவற்றில் பலவற்றைக் காட்டாமல் மறைத்துவிடும்.

வலி என்று தெரிந்ததும், நமக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சோற்றில் வைத்துக் கொடுப்பது நாயின் உயிருக்கே உலை வைக்கும் செயல். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் அதன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பதோடு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குலைத்துவிடும். நாய்களுக்குத் தரப்படும் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றைக்கூட, இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படியுள்ளன என்று பார்த்த பிறகு, எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வாந்தியோ கறுத்த மலமோ தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தரையைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. பளபளப்பான டைல்ஸில் கிழநாய் நிற்கும்போது பின்னங்கால்கள் இருபுறமும் விலகிப் போவதைக் காணலாம். ஒருமுறை விழுந்த நாய் அந்த அறைக்குள் வரவே அஞ்சும், நாமோ அது ஒதுங்கிக்கொண்டது என்று நினைப்போம். நகங்களை அளவாக வெட்டி, அது நடக்கும் வழியில் நகராதபடி தென்னைநார் மிதியடிகளை விரித்தால் கால்களுக்குப் பிடிப்பு கிடைத்துவிடும். பொள்ளாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்குப் பஞ்சம் சொல்ல முடியாது. சிமென்ட் தரையில் ஒரு சாக்கை மட்டும் போட்டுவிடுவதும் போதாது, முழங்கை எலும்பு அழுந்தி அவ்விடம் புண்ணாகிவிடும். பழைய பவானி ஜமக்காளத்தைப் பல மடிப்பாக மடித்துப் போட்டால் படுக்கை உறுதியாக இருக்கும், துவைத்துக் காயவைப்பதும் எளிது. தானாக எழ முடியாத நாயைச் சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைத்தால் இருக்கும் தசையும் கரைந்துவிடும். நியாயமற்ற நேரத்துக்கு அப்படிக் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றமாகக் கருதுகிறது. கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கட்டிவிட்டுப் போவது அதைவிடக் கொடியது.

உணவில் அன்பே தவறாகிவிடுகிறது. நம் கறிக்குழம்பில் சின்ன வெங்காயம் தாராளமாக இருக்கும். வேகவைத்தாலும் வெங்காயத்தின் நஞ்சு போவதில்லை. அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கருஞ்சிவப்பாவதும் சில நாட்கள் கழித்தே தெரிவதால், குழம்புச் சோற்றின்மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். ஓட்டம் குறைந்த நாய்க்குப் பழைய அளவிலேயே சோறு வைத்தால் ஏறும் எடை முழுவதும் அந்த நோகும் மூட்டுகளின் மேல்தான் இறங்கும். அதே சமயம், நன்றாகத் தின்றும் மெலிகிற நாயை மெலியட்டும் என்று விட்டுவிடக் கூடாது. தட்டின் முன் நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாய்க்குப் பெரும்பாலும் பசி இருக்கும், பல் வலியால் மெல்ல முடியாது. வாயைத் திறந்து பார்த்தால் நாற்றமும் காறையும் அதைச் சொல்லிவிடும்.

வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகிறது என்பதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதிகம் குடித்து அதிகம் கழிப்பது சிறுநீரக நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் அறிகுறி. நீரை நிறுத்தினால் நோய் முற்றும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள் இப்படித் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால், கருப்பையில் சீழ் கோத்திருக்கக்கூடும். அது மறுநாள் வரை தள்ளிப்போடக் கூடிய நோயன்று. அறுவை சிகிச்சை தாமதமானால் உயிர் போய்விடும்.

கண்ணில் நீலம் பாய்ந்தாற்போலத் தெரிவதெல்லாம் புரையன்று. வயதில் விழிவில்லை இறுகுவதாலும் அப்படித் தெரியும், பார்வை பெரிதும் குறையாது. எதுவென்று மருத்துவரே சொல்ல வேண்டும். காது மந்தமான நாயைப் பின்புறமிருந்து திடீரென்று தொடக் கூடாது. இரவில் காரணமின்றி அலைந்து, சுவரைப் பார்த்தபடி நிற்கும் நாயை அதட்டிப் பயனில்லை. அதன் மூளை தளர்ந்திருக்கிறது, ஒரு சிறு விளக்கும் மாறாத படுக்கையிடமும் அதற்கு உதவும்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையைப் பலரும் அறிவதில்லை. நன்றாக உறங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்; நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லாவிட்டால், 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

கடைசிக் கட்டத்தில் நாயைக் கோயில் பக்கமோ கறிக்கடைப் பக்கமோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது சட்டப்படியும் குற்றம். கண்ணெதிரே துடிக்கவிட்டுக் காத்திருப்பதும் அன்பாகாது. உண்ணவும் எழவும் முடியாமல், மருந்துக்கும் வலி அடங்காத நிலை வந்தால், மயக்க ஊசி மூலம் வலியின்றி முடித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். அந்நேரத்தில் பழகிய ஒருவர் அதன் தலையைப் பிடித்தபடி உடனிருக்க வேண்டும். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும் என்பதால், தோட்டத்தில் புதைப்பவர்கள் மற்ற நாய்களோ நரியோ தோண்டித் தின்றுவிடாதபடி ஆழமாகக் குழி வெட்ட வேண்டும்.