காலேஜில் சேர்ப்பது எளிது, கேன்டீனுக்கு அனுப்புவதுதான் கஷ்டம்

என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது பி.காம். இரண்டாம் வருடம். "பிளஸ் டூவுக்கு அப்புறம் என்னக்கா பண்றது?" என்று கேட்கிற அம்மாக்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாத பிள்ளை என்றால் என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுத வையுங்கள். ஐந்து பாடம் தேறினால் போதும். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளும் எழுதுகிறார்கள். என் மகன் இரண்டிரண்டு பாடமாக முடித்தான். அதில் டேட்டா என்ட்ரி பாடம் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016ஆம் வருடச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம். வயதிலும் 5 வருடம் தளர்வு உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலிலேயே முடிந்துவிடும், தேதியை விட்டுவிடாதீர்கள்.

சீட் கிடைத்ததும், யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையையே கேளுங்கள். நான் ஊருக்கெல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். அவன், "சாருக்குச் சொல்லு. பசங்களுக்கு வேணாம்" என்றான். அப்படியே செய்தேன்.

சாருக்குச் சொல்வதை வாயால் சொல்லாதீர்கள். "தேர்வன்னைக்கு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று ஆபீசில் சொன்னதை நம்பினேன். முதல் இன்டர்னலில் தனி அறையும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. பாதித் தாளோடு எழுந்து வந்துவிட்டான். அடுத்த முறை கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தேன். "ஆட்டிசம் உள்ள பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் பயனில்லை. நான் எழுதியது இது: மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேண்டும். சத்தமில்லாத அறை வேண்டும். வகுப்பறை மாறினால் யாராவது ஒருவர் அவனுக்கு மெசேஜ் போட வேண்டும். கடைசி வரி எப்படி வந்தது தெரியுமா? 204க்குப் பதில் 112 என்று போர்டில் எழுதியிருந்த அன்று, காலி அறையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸை மே மாதமே பழக்குங்கள். நாங்கள் ஸ்ரீரங்கம், ஒன்றாம் நம்பர் பஸ். முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், அடுத்த வாரம் பின் சீட்டில், மூன்றாம் வாரம் அடுத்த பஸ்ஸில் போனேன். பஸ் வேறு வழியில் போகிற நாளையும் பழக்க வேண்டும் என்பதைச் சித்திரைத் தேரன்று தெரிந்துகொண்டேன். வழக்கமான ஸ்டாப் வராததால் இறங்கவே மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு பையில் ஒரு அட்டை வைத்தோம்: "பஸ் வழி மாறினால் கண்டக்டரிடம் கேள். இறங்கி அம்மாவுக்கு போன் பண்ணு."

கேன்டீன் விஷயத்தில் நான் ஏமாந்தேன். "சாப்டியாப்பா?" என்றால் "ம்" என்பான். ஒரு நாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஐம்பது ரூபாய் இருந்தது. ஓரத்தில் நீல மை பட்ட அதே நோட்டு, பத்து நாளுக்கு முன்னால் நான் கொடுத்தது. டோக்கன் வாங்கும் நெரிசலில் ஓரமாக நின்றுவிட்டு, பெல் அடித்ததும் பட்டினியாகவே வகுப்புக்குப் போயிருக்கிறான்.

துறைத் தலைவரைப் பார்த்துப் பேசினேன். மதிய பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அவனை விட்டுவிடச் சம்மதித்தார். கேன்டீன் காலியாக இருக்கும் ஒரு சனிக்கிழமை இருவரும் போய் டோக்கன் வாங்கிப் பழகினோம். ஆறு தடவை. இப்போது லெமன் சாதம் மட்டும்தான் வாங்குகிறான். அன்றிலிருந்து அதேதான், நானும் விட்டுவிட்டேன்.